யார் உபயம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுச்சுவரை ஒட்டிய ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் இருக்கிறது. முன்வாசலுக்கு எட்டடி உயரத்தில் இரட்டைக் கதவு இரும்பு கேட்டு. பச்சைப் பெயின்ட். வலது கதவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தகரப் பட்டையை வெல்டு வைத்து, வெள்ளை எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே ‘நிர்வாக மேலாளர்’. அதற்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கி, கம்பெனியின் பெயர். 2011 ஆடி மாசம் அந்தக் கேட்டு நின்ற அன்றைக்கு அதில் என் காசு ஒரு பைசா இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது மாணிக்கவாசகரைப் பற்றி. அவரைக் கேள்வி கேட்கிறவன் எந்த இடத்தில் நின்று கேட்கிறான் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடக் கம்பி உருட்டும் ஆலையில் 24 வருஷம் வேலை பார்த்தேன். என் வேலையை ஒரு வரியில் சொல்ல முடியாது. தண்ணீர் லாரி வராவிட்டால் நான். கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினால் நான். ஒடிசா, பிகார் பையன்கள் தங்கும் லைன் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டால் நான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆள் வந்தாலும், ஊராட்சித் தலைவர் திருவிழா நோட்டீஸோடு வந்தாலும் நான்தான் எழுந்து நிற்க வேண்டும். இதற்கு மேல் முதலாளி வீடு. சென்னையில் அவர் வீட்டு ஏ.சி. மெக்கானிக், டிரைவர் பேட்டா, பேத்தி பள்ளிக்கூட ஃபீஸ், அம்மாவின் திதிக்கு ஐயர் எல்லாம் என் டைரியில் ஏறும். அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று மாசம் நான் ஆலைப் பக்கமே சரியாகப் போகவில்லை. எது கம்பெனிக் கணக்கு, எது வீட்டுக் கணக்கு என்று பிரித்து வைப்பதிலேயே பாதி ஆயுள் போயிற்று. ராஜா காலத்தில் இதே வேலைக்கு அமைச்சர் என்றும் அதிகாரி என்றும் பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைப்பாகை இருந்தது, எனக்கு ஐ.டி. கார்டு.

வீடு திருநின்றவூரில். காலையில் அரக்கோணம் பாதை வண்டி பிடித்து பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுவேன். கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்ந்து போகும் அந்த வண்டியில்தான் திருவிளையாடல் புராணத்தின் உரைநடைப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தேன். புத்தகம் வாங்கியதற்குக் காரணம் ஒரு சொற்பொழிவு. கோயிலில் அந்தக் கேட்டு நின்றதற்கு அடுத்த வருஷம், 2012 ஆனி மகம். மாணிக்கவாசகர் குருபூஜை அன்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயிலில் சொற்பொழிவு. பேசியவர் உருகினார். கூட்டமும் உருகியது. நான் மட்டும் சட்டைக்குள் எறும்பு போனவன்போல நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவாதவூரில் பிறந்தவர், அதனால் வாதவூரர். பாண்டியன் அரிமர்த்தனனின் அவையில் முதல் அமைச்சர். ராஜா கொடுத்த பட்டம் தென்னவன் பிரமராயன். கீழைக் கடற்கரையில் நல்ல அரபுக் குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று செய்தி வர, கஜானாவைத் திறந்து பொன்னை ஒட்டகத்தில் ஏற்றி அவரை அனுப்புகிறான் ராஜா. போகிற வழியில் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்திருந்த சிவனைப் பார்க்கிறார். அவ்வளவுதான். குதிரைப் பணம் கோயில் பணமாகிறது.

சொற்பொழிவாளர்கள் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். ‘அரசன் பொருளை ஆண்டவன் பொருளாக்கினார்.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்டோர்ஸ் சாவி வைத்திருந்தவன் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. ஒரு வேலைக்காக வாங்கிய முன்பணத்தை வேறு வேலைக்குச் செலவு செய்திருக்கிறார். அனுமதி வாங்கவில்லை. திரும்பி வந்து குதிரை எங்கே என்று கேட்டபோது ஆவணி மூலத்தன்று வரும் என்கிறார். குரு அப்படிச் சொல்லச் சொன்னார், கையில் ஒரு மாணிக்கக் கல்லும் கொடுத்தனுப்பினார் என்கிறது புராணம். எங்கள் பாஷையில் அது சாம்பிள். சாம்பிளைக் காட்டி டெலிவரிக்குத் தேதி வாங்குவது எங்கள் தொழிலிலும் தினசரி நடப்பதுதான்.

பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அவர் மேல் பக்தி உண்டு. திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில், அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். கல்லில் செய்த கூரை விளிம்பான அந்தக் கொடுங்கையைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. சுடச்சுட வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கல்லின் மேல் பரப்புகிறார்கள், எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம். இவ்வளவு ‘இல்லை’களை வைத்து ஒரு கோயிலா என்று நினைத்தேன். அங்கே நிற்கும்போது கணக்கெல்லாம் மறந்துபோகிறது. பஸ் ஏறியதும் ஞாபகம் வந்துவிடுகிறது.

புராணத்தைப் பொறுமையாகப் படித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. சிவன் ஓர் இடத்திலும் ‘அந்தப் பணம் என்னுடையதுதான், ராஜா யார் கேட்பதற்கு?’ என்று சொல்லவில்லை. உலகமே அவனுடையது என்று சொல்லித் தீர்த்திருக்கலாம். அதற்குப் பதில் குதிரை கொண்டுவந்து கொடுக்கிறார். தானே குதிரைச் சேவகனாக வேஷம் கட்டி, ஆவணி மூலத்தில் மதுரைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார். வந்தவர் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. கயிறு மாறிக் கொடுக்கிறார். விற்றவன் கையிலிருந்து வாங்கியவன் கைக்குக் கயிறு மாறிவிட்டால் அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு கிடையாது, அது குதிரை வியாபாரத்தின் நடைமுறை. ‘குதிரை கயிறு மாறிய லீலை’ என்றே பெயர். ரயிலில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று பார்த்தார். சரக்கை எண்ணி இறக்கி, சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன ஒரே கடவுள்.

சரக்கு ராத்திரியே நரியாகிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனதோடு நிற்காமல், லாயத்தில் முன்பே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. குவாலிட்டி ஆட்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். சிவன் அப்படி ஏன் செய்தார் என்பதற்கு உரைகாரர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: வாதவூரரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவது அவர் நோக்கமாக இல்லை. தண்டனையில் தானும் பங்கு எடுத்துக்கொள்வதுதான் நோக்கம். ராஜாவின் ஆட்கள் வாதவூரரைப் பிடித்துக்கொண்டு போய் வைகை மணலில் வெயிலில் நிறுத்துகிறார்கள். வைகை பெருகுகிறது. கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவன் மண் சுமக்கிறார், தூங்குகிறார், பிரம்படி வாங்குகிறார். அந்த அடி ராஜா முதுகிலும் விழுந்தது, எல்லோர் முதுகிலும் விழுந்தது. கணக்கு அப்படித்தான் தீர்ந்தது.

இதை உலையடி ஃபோர்மேனிடம் சொன்னேன். சூளூர்ப்பேட்டைக்காரர், தெலுங்கு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா சார் பெருசா, எங்க ராமதாசு கத தெரியுமா?” என்றார். அரைகுறையாகத் தெரியும். அவர் முழுசாகச் சொன்னார்.

ராமதாசின் சொந்தப் பெயர் கஞ்சர்ல கோபன்னா, பத்ராசலம் பக்கத்தில் பால்வஞ்சையில் தாசில்தார். கோல்கொண்டாவில் அபுல் ஹசன் தானாஷாவின் ஆட்சி, 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. சுல்தானின் அமைச்சர் மாதண்ணா இவருக்குத் தாய்மாமன் முறை. வசூல் பணத்தைப் போட்டு ராமருக்குக் கோயில் கட்டினார். கோல்கொண்டாக் கோட்டையில் சிறை. இன்றும் அந்த இருட்டறையைக் காட்டுகிறார்கள். உள்ளே இருந்து பாடினார். அதில் ஒரு பாட்டு அசல் செலவுக் கணக்கு: சீதைக்குப் பதக்கம் இவ்வளவு, பரதனுக்கு இவ்வளவு, மதில் சுவருக்கு இவ்வளவு என்று ராமரிடம் வவுச்சர் வவுச்சராக நீட்டுகிறார். கோபத்தில் கொஞ்சம் தடித்த வார்த்தையும் வந்துவிடுகிறது. பிறகு அதற்கு மன்னிப்பும் கேட்கிறார். கடைசியில் ராமரும் லட்சுமணரும் ராத்திரியில் சேவகர் வேஷத்தில் சுல்தான் படுக்கையறைக்கே போய் ஆறு லட்சம் பொன்னைக் கொட்டினார்கள் என்பது கதை.

“கொட்டிட்டு சும்மா வரல சார்,” என்றார் ஃபோர்மேன். “ரசீது வாங்கினு வந்தாங்க.”

இங்கே கயிறு, அங்கே ரசீது. சைவத்திலும் சரி, வைணவத்திலும் சரி, கோயில் கட்டிய பணம் முதலாளிக்குத் திரும்பிப் போயாக வேண்டும் என்பதில் கடவுளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சுல்தான் சங்கதி இன்னும் அழகு. அவர் பதிலுக்குக் கல்யாண உற்சவத்துக்கு முத்து அனுப்பினார் என்றும், பின்னால் வந்த நிஜாமும் அதைத் தொடர்ந்தார் என்றும் சொல்கிறார்கள். இன்றைக்கும் ஸ்ரீராமநவமிக்கு அரசாங்கத்திலிருந்து முத்துத் தலம்பிராலு என்கிற கல்யாண அட்சதை பத்ராசலத்துக்குப் போகிறது. யார் பணத்தை எடுத்துக் கட்டினாரோ அவரே உபயதாரராக உள்ளே வந்துவிட்டார்.

என் கதைக்கு வருகிறேன்.

உருட்டாலையில் பில்லட்டைச் சூடாக்கி ஸ்டாண்டுக்குள் விடும்போது, சில நேரம் கம்பி வழி தவறிப் பாம்புபோல வெளியே சீறி வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் போச்சு. அப்படிச் சுருண்டு விழுவதற்கு மிஸ் ரோல் என்று பெயர். அதை வெட்டி யார்டில் குவிப்போம். மழையில் நனைந்து செம்மண் நிறத்தில் கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. கிராமத்துப் பெரியதனக்காரர் ஒருநாள் கும்பாபிஷேக நோட்டீஸோடு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உள்ள மல மாதிரி கெடக்குது சார். அம்மாளுக்கு ஒரு கேட்டு போட்டுக் குடுங்களேன். உங்க பேரு நிக்கும்.”

முதலாளி அப்போது ஊரில் இல்லை. வெளிநாட்டில் ஒரு மெஷின் பார்க்கப் போயிருந்தார், பத்து நாளில் வருவார். போன் செய்திருக்கலாம். ஏ.சி. மெக்கானிக் வரவில்லை என்பதற்கெல்லாம் அந்த ஊருக்கு போன் செய்திருக்கிறேன். இதற்குச் செய்யவில்லை.

340 கிலோ. எடை மேடையில் வண்டியை ஏற்றியபோது நானே நின்று பார்த்தேன். கேட் பாஸில் ‘கழிவு இரும்பு – அப்புறப்படுத்த’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செக்யூரிட்டி பெரியவர் பாஸை வாங்கிப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி பாஸைப் பார்த்தார். பிறகு சங்கிலியை இறக்கினார். அவர் 18 வருஷம் அந்த கேட்டில் இருந்தவர். எங்கள் ஆலையில் கழிவு என்று ஒன்று வெளியே போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மிஸ் ரோல், துண்டுக் கம்பி, செதில் வரைக்கும் எல்லாமே மறுபடி உலைக்குப் போகும், இல்லாவிட்டால் காசுக்குப் போகும். அந்த வார்த்தையை நான் எழுதியபோது அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மன் பெயரைச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் அதைத் தாண்டினோம்.

வாதவூரரும் நானும் ஒன்றா என்று கேட்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன், ஒன்றில்லை. அன்று சொற்பொழிவில் எறும்பு கடித்தது அதனால்தான். அவர் கட்டிய கோயிலில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. தன்னை நாய் என்றார், நாயைவிடக் கீழ் என்றார். கஜானாவைக் காலி செய்த ஆள் தனக்கென்று ஒரு எழுத்துகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் 340 கிலோ மிஸ் ரோலுக்கு இரண்டு வரி எடுத்துக்கொண்டேன்.

முதலாளியிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் மறுத்துவிடுவார் என்பதாலா? இல்லை. சம்மதித்துவிடுவார். அதுதான் சங்கடம். சம்மதித்தால் தகரப் பட்டையில் அவர் பெயர் வரும்.

இது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அதற்கும் திருவாலங்காடு போக வேண்டியிருந்தது.

திருவாலங்காடு எங்கள் அரக்கோணம் பாதையில்தான் இருக்கிறது, திருவள்ளூர் தாண்டி. ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து நடனம் பார்த்த ஊர். நான் போனது ஆருத்ரா சமயம் இல்லை, ஒரு வெறும் ஞாயிற்றுக்கிழமை. கூட வந்த நண்பர் தமிழாசிரியர். அவர்தான் 1905-இல் அங்கே கிடைத்த செப்பேட்டைப் பற்றிச் சொன்னார். 31 ஏடு, வளையத்தில் கோத்து சோழ முத்திரை போட்டது. முதலாம் ராஜேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், பக்கத்து ஊரான பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆணை. முதலில் சமஸ்கிருதத்தில் வம்சப் பெருமை, பிறகு தமிழில் காரியம். பெருமைக்கு ஒரு மொழி, காரியத்துக்கு ஒரு மொழி.

நண்பர் சோழர் காலத்து நடைமுறையை விளக்கினார். ராஜா வாயால் சொல்வார். சொன்னதைக் கேட்டு ஓலையில் எழுத ஓர் அதிகாரி, திருமந்திர ஓலை. எழுதியது சொன்னபடி இருக்கிறதா என்று ஒப்பிட ஓலைநாயகம். அங்கிருந்து புரவுவரித் திணைக்களம். வரிப்பொத்தகம் வைத்திருப்பவர்கள் பழைய பதிவை எடுத்துப் பார்த்து, இனி இந்த ஊரின் வரி அரண்மனைக்கு இல்லை, கோயிலுக்கு என்று திருத்தி வரியிலிட வேண்டும். பிறகு ஊருக்கு முகம் தெரிய ஆள் போய், பெண் யானையை எல்லை சுற்றி நடக்க விட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெயர். இன்னார் எழுத்து, இன்னார் ஒப்பு.

எனக்கு இண்டென்ட், அப்ரூவல், இஷ்யூ ஸ்லிப், கேட் பாஸ் என்று வரிசையாகக் கேட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே வேலை, இதே எரிச்சல்.

“இத்தனை அதிகாரி பேரும் செம்புல இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா கொடுத்தவர்னு இல்ல. யார் யார் கை வழியாப் போச்சுன்னு இருக்கு.”

அந்த வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெயில் ஏறியிருந்தது, அவருக்கு இளநீர் நினைப்பு. நான் அங்கேயே மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓலைநாயகத்துக்கும் ஆசை இருந்திருக்கும். ஒரு ஊரையே எழுதிக் கொடுக்கிற எழுத்தாணி கையில் இருக்கும்போது, ‘என்னால்தான்’ என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். ஆனால் அவன் பெயர் செம்பில் ஏறியது பிற்பாடு தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக. ராஜாவின் தர்மத்தில் அவனுக்குப் பொறுப்பு உண்டு, புண்ணியத்தைப் பற்றி ஏடு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது பழையனூர் வழியாக வந்தோம். நீலிப் பேயின் கதை நடந்ததாகச் சொல்லும் ஊர். ஒரு வணிகனுக்கு அவளால் ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். ஆகிவிட்டது. எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். வெறும் வாய்வார்த்தை. நான் கையெழுத்தே போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் முதலாளி அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

“அந்தக் கேட்டு தெரியும் எனக்கு. அந்த வழியாத்தான வரேன். உன் பேரு இருக்கேன்னு பார்த்தேன். சொந்தக் காசுல போட்டிருப்பேன்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பேன்ல?”

வைகை மணல் எப்படிச் சுட்டிருக்கும் என்று அப்போது ஓரளவு தெரிந்தது.

அன்றைய விலைக்கு பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார், நான் பிடிவாதம் பிடித்தேன். கணக்குப் பிரிவுப் பையனுக்குத்தான் தலைவலி. போன வருஷம் வெளியே போன சரக்குக்கு இன்று பில் போட முடியாது, வரி இருக்கிறது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழம்பினான். கடைசியில் ‘சம்பளப் பிடித்தம் – இதர’ என்று நான்கு மாசத்துக்குப் போட்டான். நான்கு சீட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. ராமர் வாங்கிய ரசீதுபோல.

ஆனால் இங்கேதான் என் கேள்வி முடியாமல் நிற்கிறது. பணம் கட்டியாயிற்று, சரி. இப்போது அந்த உபயம் என்னுடையதா? கொடுத்த நேரத்தில் அது என்னுடையது இல்லை. என்னுடையதாக ஆன நேரத்தில் நான் கொடுக்கவில்லை, கடன் அடைத்தேன். கொடுத்தவன் ஒருத்தன், பொருளுக்கு உரியவன் ஒருத்தன், அம்மனுக்கு யார் பெயரில் வரவு? இதை ஒரு சிவாச்சாரியாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “சங்கல்பத்துல யார் பேரு சொன்னாங்க?” என்றார். என் பேர்தான் சொன்னார்கள். “அப்ப உங்களுக்குத்தான்,” என்று விபூதி கொடுத்து அனுப்பிவிட்டார். நடைமுறைக்கு அது போதும். ராத்திரி தூக்கம் வராதபோது போதவில்லை.

பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்த திருட்டு ஒன்று உண்டு. இடங்கழியார் கொடும்பாளூரில் சிற்றரசர். அடியார்களுக்குச் சோறு போட நெல் இல்லாத ஒருவர் ராத்திரி அரண்மனைக் களஞ்சியத்தில் நுழைந்து அகப்பட்டுக்கொள்கிறார். ஏன் திருடினாய் என்று ராஜா கேட்கிறார். காரணம் தெரிந்ததும், காவலை எடுத்துவிட்டு அடியார்கள் எல்லோரும் வேண்டியதை வாரிக்கொண்டு போகலாம் என்று பறை அறையச் சொல்கிறார். இங்கே திருடியவர் பெயர்கூடக் கதையில் இல்லை. நாயனார் ஆனது களஞ்சியத்துக்காரர். அதே புராணத்தில் கோட்புலியார் கதையும் இருக்கிறது. சோழனின் சேனாபதி. சிவனுக்கென்று ஒதுக்கிய நெல்லைப் பஞ்சத்தில் சொந்தக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்பதற்காக, பால்குடிக் குழந்தை உட்பட எல்லோரையும் வெட்டினார். அவரும் நாயனார். எத்தனை முறை படித்தாலும் அந்தக் குழந்தையைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. உரைகாரர்கள் சொல்லும் சமாதானமும் எனக்கு ஏறுவதில்லை.

இதையெல்லாம் எழுதிய சேக்கிழாரே ஒரு அரசாங்க அதிகாரி என்பதை மறந்துவிடுகிறோம். குன்றத்தூர்க்காரர், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர், உத்தம சோழப் பல்லவர் என்று பட்டம். கஜானா எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். தன்னைப்போலவே அமைச்சராக இருந்த வாதவூரருக்கு அவர் நூலில் தனிச் சரிதம் கிடையாது. சுந்தரர் போட்ட பட்டியலை ஒட்டிப் போனார், அதில் வாதவூரர் பெயர் இல்லை, காரணம் அவ்வளவுதான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு அமைச்சர் இன்னொரு அமைச்சரின் செலவுக் கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

அவர் விரும்பி நின்று எழுதியது எங்கள் ஊர்க்காரரைப் பற்றி. பூசலார். திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை, கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மனசுக்குள் கட்ட ஆரம்பித்தார். அதில் எனக்கு வியப்பு, அவர் ஒரு வேலையையும் விட்டுவிடவில்லை என்பதுதான். மனசில் கட்டுவதற்குப் பட்ஜெட் தடை இல்லை, ஒரே நாளில் தங்கக் கோபுரம் எழுப்பியிருக்கலாம். அவரோ பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்தார், ராத்திரியெல்லாம் கண் விழித்தார், கிணறு வெட்டினார், குளம் தோண்டினார், மதில் எடுத்தார். அஸ்திவாரம் முதல் கலசம் வரைக்கும் வரிசைப்படி. அதே சமயம் காஞ்சியில் பல்லவ ராஜா கல்லில் கோயில் எடுத்து முடிக்கிறான். இரண்டுக்கும் ஒரே நாளில் கும்பாபிஷேகம். சிவன் ராஜா கனவில் வந்து, அன்றைக்கு நான் திருநின்றவூர் போகிறேன், நீ வேறு நாள் பார் என்கிறார். அந்த ராஜாவை ராஜசிம்மன் என்றும் கோயிலைக் கைலாசநாதர் கோயில் என்றும் அடையாளம் சொல்கிறார்கள்.

ராஜா ஆளும் அம்புமாகத் திருநின்றவூர் வந்து கோயில் எங்கே என்று தேடினான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. போர்டு இல்லையே.

இப்போது இருக்கிறது. இருதயாலீஸ்வரர் கோயில் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கருவறையில் லிங்கத்துக்குப் பக்கத்திலேயே பூசலாரும் இருக்கிறார். நெஞ்சு வலிக்காரர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் எல்லாம் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். காசு செலவில்லாத கோயிலுக்கு இப்போது உண்டியலும் உண்டு, டியூப்லைட்டும் உண்டு. டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற இடம் பார்த்து உபயதாரர் பெயர் எழுதுகிற வழக்கம் எந்த ஊரை விட்டது?

ஓய்வு பெற்றதும் ஒரு காரியம் செய்ய நினைத்தேன். போன ஆடி மாசம், பிடித்தம் இல்லாத காசு கொஞ்சம் எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வண்டி ஏறினேன். பெரியதனக்காரர் இப்போது இல்லை, அவர் மகன்தான் எல்லாம். கேட்டில் இருக்கும் அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். வேண்டுமானால் ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று போடட்டும்.

கோயிலுக்கு வெள்ளை அடித்து, திருவிழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். கேட்டு புதுப் பெயின்ட்டில் பளபளவென்றிருந்தது. பச்சை போய் நீலம். பட்டையிலும் புது எழுத்து. பெயின்டர் என் இன்ஷியலைத் தப்பாகப் போட்டிருந்தான், கம்பெனி பெயருக்கு இடம் போதாமல் அதை விட்டுவிட்டிருந்தான்.

“பாத்தீங்களா சார்,” என்றான் அந்தப் பையன், கையில் பெயின்ட்டோடு. “அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. எத மாத்துனாலும் சார் பேர மட்டும் மாத்தக்கூடாதுன்னு.”

கேட்டைத் தொட்டுவிட்டேன். விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போதும் போகவில்லை.